பெறுபேறு யாருடையது?

பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளையின் புள்ளிகளையும் வரவுப் பதிவையும் நிர்வாகம் தமக்கு நேரடியாகத் தெரிவிக்க வேண்டும் என்று பெற்றோர் எதிர்பார்ப்பது இங்கே நியாயமாகவே கொள்ளப்படுகிறது. உட்துறைமுக வீதியில் எந்த வீட்டு விறாந்தையில் அமர்ந்தாலும் இந்தப் பேச்சு எழும். அந்த நியாயத்தை நான் ஏற்கவில்லை.

இலங்கையில் 18 வயது நிரம்பியவர் முழு உரிமை பெற்றவர். கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்துக்குள் காலடி வைப்பவர் அந்த வயதைக் கடந்தே வருகிறார். பதிவேட்டில் கையொப்பமிடுபவரும் அவரே.

“காசு அனுப்புவது நாங்கள்தானே?” என்பர். அரச பல்கலைக்கழகத்தில் முதற்பட்டப் படிப்புக்குக் கற்பித்தற் கட்டணம் இல்லை; அது பொதுப்பணம். அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தகப்பன் அனுப்பும் தொகை பெரிதுதான். ஆனால் சோறு போட்டவருக்கெல்லாம் மருத்துவ அறிக்கையைக் காட்ட வேண்டும் என்று எவரும் சொல்வதில்லையே!

அமெரிக்காவில் 1974 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, 18 வயதானதும் அல்லது உயர்கல்வி நிறுவனத்தில் சேர்ந்ததும் கல்விப் பதிவேட்டின் மீதான உரிமை மாணவருக்குக் கைமாறுகிறது. உயிராபத்து முதலிய சில விலக்குகளும் உண்டு. நமது அரசியலமைப்பிலோ அந்தரங்க உரிமை வெளிப்படையாக எழுதப்படவில்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் நிறைவேறியது. அதன் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து தள்ளிவைக்கப்பட்டன. ஆக, உளவள ஆலோசகரிடம் ஒரு மாணவி அழுது சொன்னதைக் காப்பதற்கு இருப்பவை பெரும்பாலும் தனிமனிதரின் மனச்சாட்சியும் வாயடக்கமுமே. ஊரோ சிறியது. அலுவலகத்தில் இருப்பவர் யாருக்காவது ஒன்றுவிட்ட மாமாவாக இருப்பார்.

நிற்க. இந்நகரத்துப் பெற்றோரின் அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. 2006 ஜனவரி 2 ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களது காயங்களைப் படம்பிடித்து உண்மையை வெளிக்கொணர்ந்த பத்திரிகையாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24 ஆம் திகதி கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 இல் விடுவிக்கப்பட்டனர். பிள்ளை எங்கே, யாரோடு என்று மணிக்கொரு தரம் கேட்கும் தாயை இதையெல்லாம் அறிந்த எவர் குறைகூறுவார்? அந்தக் கேள்வியைப் பிள்ளையிடம் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள். வளாகத்து எழுதுவினைஞரிடம் கேட்காதீர்கள்.

பிள்ளைக்குத் தெரியாமல் விசாரிக்கும் வீட்டிடம் பிள்ளை எதையும் சொல்லாது. பகிடிவதையை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. ஆயினும் வதைபட்ட பெண்பிள்ளை வாய் திறக்கத் தயங்குகிறாள். வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்பது வதைத்தவனைவிடப் பெரிய பயம். பாடமொன்றில் தவறியவனுக்கும் இதே நிலைதான். மீண்டும் எழுதலாம் என்ற எளிய செய்தியைக்கூட வீட்டில் சொல்ல அஞ்சுகிறான்.

முதலாம் ஆண்டு தொடங்குமுன்பே உட்கார்ந்து பேசுங்கள். எதைச் சொல்வது, எதைத் தன்னிடம் வைத்துக்கொள்வது, ஆபத்து வந்தால் யாருக்கு அறிவிப்பது என்பதைப் பிள்ளையே எழுதித் தரட்டும். பெறுபேறு வரும் நாளில் எத்தனை ‘ஏ’ என்று கேட்குமுன் சாப்பிட்டாயா, நித்திரை கொள்கிறாயா என்று கேளுங்கள்.

நிர்வாகத்தினருக்கும் ஒரு வார்த்தை. தொலைபேசியில் தகப்பன் அதட்டும்போது “உங்கள் மகளிடமே கேளுங்கள், ஐயா” என்று சொல்ல ஓர் எழுதுவினைஞருக்குத் துணிவு வேண்டும். தெளிவான சுற்றறிக்கை ஒன்று கையில் இருந்தால் அவர் சொல்லிவிடுவார். அடுத்த அணி உள்ளே வருமுன் அதை எழுதிக் கொடுங்கள்.