இடுப்பு வலிக்கு மருந்துக் கடையா டாக்டர்?

"அண்ணே, இடுப்பு வலிக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க!"

தஞ்சை, திருவாரூர், நாகை பகுதி மருந்துக் கடைகளில் சாயங்காலம் கேட்கும் குரல் இது. கேட்பவர் பகல் முழுக்க சேற்றில் குனிந்து நாற்று நட்டவர், அல்லது களை பறித்தவர். கடைக்காரர் நாலு அட்டைகளில் இருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து காகித உறையில் போடுகிறார். சீட்டு கிடையாது. மருந்தின் பெயரும் கிடையாது. ராத்திரி வலி அடங்குகிறது, காலையில் மறுபடி வயலுக்கு ஓடலாம். இரண்டு நாளில் மீண்டும் அதே கடை!

அந்த உறைக்குள் என்ன இருக்கிறது? பெரும்பாலும் டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரை. சில இடங்களில் ஸ்டீராய்டும் சேர்கிறது. இரண்டுமே டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. 1945-ம் ஆண்டு மருந்து விதிகளின் 'எச்' அட்டவணையில் உள்ளவை. வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் குடலில் புண் வரும், ரத்தம் கசியும், சிறுநீரகம் கெடும். ஸ்டீராய்டோ சர்க்கரையை ஏற்றும், எலும்பைப் பலவீனப்படுத்தும்.

அதற்காக அந்தப் பெண்ணைக் குறை சொல்லிப் பயன் இல்லை. வேதாரண்யத்தில் இருந்து தஞ்சை மருத்துவக் கல்லூரி ஏறக்குறைய 100 கிலோ மீட்டர். போனால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. 1959-ல் தொடங்கிய தஞ்சைக் கல்லூரிக்குத் துணையாக 2010-ல் திருவாரூரிலும் 2022-ல் நாகையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தது நல்ல காரியம். தூரம் குறைந்தது. ஆனால் எந்த வாசலில் நிற்பது? எலும்பு டாக்டரா, நரம்பு டாக்டரா, மூட்டுவாத டாக்டரா?

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. வலி சிகிச்சைக்கென்று தனிப் பயிற்சி எடுத்தவர்களில் பலர் மயக்க மருந்து டாக்டர்கள்! 'அவரு ஆபரேஷனுக்குத்தானே வருவாரு' என்று நினைக்கிறோம். தேவைப்பட்டால் வலி கடத்தும் நரம்புக்கு அருகே ஊசி போட்டு மட்டுப்படுத்துவதும் அவர்கள் வேலைதான்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. சும்மா 'வயசாச்சு' என்று தள்ளிவிடக் கூடாது. 2020-ல் உலகத்தில் 61.9 கோடி பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நடவுப் பெண்கள் மட்டும் அல்ல, கல்லா முன் உட்காரும் கடைக்காரரும் கோப்பு பார்க்கும் குமாஸ்தாவும் இந்தக் கணக்கில் வருவார்கள். அதே நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில், சாதாரண நாள்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சியும் உரிய விளக்கமும் முதல் வரிசையில் உள்ளன. இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுக்கும் வைத்தியம் ஆகியவற்றை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்கிறது. பெல்ட் வாங்கி ஆணியில் மாட்டியிருப்பவர்கள் கவனிக்க!

ஆனால் கால் மரத்துப் போனாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் தானாகப் போனாலோ, வலியோடு காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தாலோ மாத்திரையும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் உண்டு. வீட்டில் நடமாட முடியாமல் கிடப்பவர் இருந்தால் ஊர் சுகாதார ஊழியரிடம் கேட்டுப் பாருங்கள்.

அதிகாரிகள் செய்ய வேண்டியது என்ன? சீட்டில்லாத செட் விற்பனையை மருந்து ஆய்வாளர்கள் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மட்டும் போதுமா? அந்த ஜனம் வேறு எங்கே போகும்? மருத்துவக் கல்லூரியில் இருந்து வலி டாக்டர் ஒருவரும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரும் வாரம் ஒரு நாள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வரட்டும். குறுவை, சம்பா நடவு நாட்களில் அந்த ஓ.பி. சாயங்காலம் 4 மணிக்கு மேல் நடக்கட்டும். என்றைக்கு, எந்த அறையில் என்று பஸ் ஸ்டாண்டிலேயே போர்டு வைக்கட்டும்.