திருத்தணிப் படியும் பக்தர் பாதமும்

கோடைக்காலத்தில் தமிழ்நாட்டின் உஷ்ணநிலை விவரம் வெளிவரும் நாட்களில் முன்வரிசையில் அடிக்கடி இடம்பெறும் திருத்தணியிலே, வெயில் 40 டிகிரியைக் கடந்து எரிக்கும்போதும், வருஷத்தின் நாட்களைக் குறிப்பனவாகச் சொல்லப்படும் 365 படிகளை வெறுங்காலோடு ஏறி முருகனைத் தரிசிக்க வரும் ஜனங்களுக்குக் குறைவில்லை. அவர்கள் பாதத்தைச் சுடும் கல்லைப் பற்றிக் கோயில் நிர்வாகமும் இந்து சமய அறநிலையத் துறையும் சாஸ்திர ரீதியாகச் சிந்திக்கவேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

உஷ்ணம் சூடான வஸ்துவிலிருந்து குளிர்ந்த வஸ்துவுக்கே பாயும். ஆனால் பாதத்தின் கதியை நிர்ணயிப்பது அது பாயும் வேகம். ஒரே வெயிலில் காய்ந்த கருங்கல்லையும் தென்னைநார் விரிப்பையும் மாறிமாறி மிதித்தால் இது விளங்கும். கல்லின் மேற்பரப்பு தன் சூட்டைத் தோலுக்குக் கொடுத்த மாத்திரத்தில் அடியிலுள்ள சூடு மேலேறி அந்த நஷ்டத்தை நிரப்பிவிடுகிறது. நாரிலோ, இடையிடையே சிறைப்பட்ட காற்று உஷ்ணத்தை எளிதில் கடத்தாததால், மேலுள்ள இழை தன்னிடமிருந்த சொற்பச் சூட்டைக் கொடுத்துவிட்டு அடங்கிப்போகிறது. 60 டிகிரிச் சூடுள்ள நீர் பெரியவர்களின் தோலையே ஐந்து விநாடியில் புண்ணாக்கும் என்றால், கல் தகிக்கும் வேளையில் இடுப்பிலிருந்து இறக்கிவிடப்படும் குழந்தையின் பிஞ்சுப் பாதம் என்ன பாடுபடும்! நீரிழிவினால் காலில் உணர்ச்சி குன்றிய முதியவரோ சுடுவதையே அறியாமல் நடந்து, வீடு திரும்பிய பிறகு கொப்புளத்தைக் கண்டு திகைப்பார்.

உடலை வருத்திக்கொள்வதும் விரதத்தின் அங்கமல்லவா என்பார் உண்டு. ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி எடுப்பவர் தாமே விரும்பி ஏற்ற நியமத்தை நான் மதிக்கிறேன்; ஆனால் குழந்தை எந்த விரதமும் ஏற்கவில்லை.

பரிகாரம் அரிதன்று. நிழற்பந்தலும் வெண்பூச்சும் வெயிலின் பெரும்பகுதி கல்லில் சேராமலே தடுத்துவிடும். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி போதுமாயிருக்க, அதே நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கலோரியைக் கவர்ந்து செல்வதால் நீர் தெளிப்பதும் உத்தமமே; எனினும் நடுப்பகலில் அது விரைவில் உலர்ந்துவிடுமாதலால், காலையில் ஒருமுறை தெளித்து ஓய்ந்துவிடலாகாது. விரிப்பைச் சந்நிதி வாசலில் மட்டுமின்றி, செருப்பை விடுமிடத்திலிருந்தே தொடர்ச்சியாகப் போடவேண்டும். பகலெல்லாம் சூட்டைச் சேமித்த கல் அதை இரவில் மெல்லமெல்லத்தான் விடுமாகையால், சூரியன் மறைந்தவுடன் அந்த விரிப்பைச் சுருட்டி வைக்கவும் கூடாது.