ஊருக்குச் சொல்லும் குரல்

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நல்லவாடு என்பது புதுச்சேரிக் கடலோரத்தில் உள்ள மீனவர் சிற்றூர். அவ்வூரிலிருந்து வேலைக்காகச் சிங்கப்பூர் சென்றிருந்த இளைஞர் ஒருவர், ஆழிப்பேரலை பற்றிய செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டார். உடனே தம் வீட்டாருடன் தொலைபேசியில் பேசினார். ஊருக்குள் கடல்நீர் புகத் தொடங்கியதை அறிந்ததும், அனைவரும் ஓடித் தப்புமாறு கூறினார். செய்தி அறிந்தவர்கள் தங்களை மட்டும் காத்துக்கொள்ள எண்ணவில்லை. பூட்டியிருந்த அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்தனர். அங்கிருந்த ஒலிபெருக்கியின் வழியே ஊர் முழுவதையும் எச்சரித்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. ஆயினும், அவ்வூர் மக்கள் சுமார் 3,600 பேரும் உயிர் பிழைத்தனர்.

அந்த ஒலிபெருக்கி அங்கு வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 ஆம் ஆண்டு முதல் புதுச்சேரிச் சிற்றூர்களில் அறிவு மையங்களை அமைத்தது. வில்லியனூரில் இருந்த தலைமை மையம் பிற ஊர்களுக்குச் செய்திகளை அனுப்பியது. தொலைபேசி வசதி போதாத ஊர்களுக்கு வானொலி அலைகள் துணை நின்றன; மின்வெட்டு நேரத்தில் சூரிய ஆற்றல் கைகொடுத்தது. வீராம்பட்டினம் மீனவர்களுக்குத் தேவையான அலை உயர முன்னறிவிப்பு, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டு, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதனைக் கேட்டுப் பயன் பெற்றனர்.

இம்மையங்களின் வலிமை கணினியில் மட்டும் இல்லை. மையம் அமைப்பதற்கு முன்பே, ஊர் மக்களுக்கு எத்தகைய செய்தி தேவை என்று கேட்டறியப்பட்டது. ஊரார் இடத்தை வாடகையின்றித் தந்தனர். மையத்தை நடத்தும் பொறுப்பை ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்களே ஏற்றனர். அவர்களுள் பெண்கள் பலர். சாதி, பால் வேறுபாடின்றி எவரும் உள்ளே வரலாம் என்பது முதன்மையான விதியாக இருந்தது. ஆகவே மக்கள் அதனைத் தங்கள் மையமாகக் கருதினர். ஆபத்து வந்த நேரத்தில் எங்கு ஓடவேண்டும், எதனை எடுக்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

“இன்று பலர் கையிலும் கைப்பேசி இருக்கிறது, இனி மையம் எதற்கு?” என்று சிலர் வினவுவர். இவ்வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், நல்லவாட்டு நிகழ்ச்சியே இதற்கு விடை கூறுகிறது. தொலைபேசி ஒரு வீட்டுக்குச் சொன்னது. மையம் ஊருக்குச் சொன்னது. மேலும், கைப்பேசியில் வரும் செய்திகளுள் மெய் எது, பொய் எது என்று பிரித்தறிவது எளிதன்று. விண்ணப்பம் நிரப்பத் தெரியாத முதியவருக்கும், வீட்டில் கணினி இல்லாத மாணவிக்கும், அருகில் அமர்ந்து கற்றுத்தர ஒருவர் வேண்டும். கருவியைக் கடையில் வாங்கலாம். கற்றுத்தரும் மனத்தை ஊர்தான் வளர்க்க வேண்டும்.

இத்தகைய மையத்தைத் தொடங்குவதை விட நிலைக்கச் செய்வதே கடினம். வெளியிலிருந்து வரும் உதவி நின்றதும், பழுதான கணினி மூலையில் கிடக்கும். ஊதியமில்லாத தன்னார்வலர் வேறு வேலை தேடிச் செல்வார். எனவே ஊராட்சிகள் நூலகத்தையும் குடிநீரையும் போல அறிவு மையத்தையும் பொதுத்தேவையாகக் கருதி, ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டும். மையத்தை நடத்துவோருக்கு உரிய ஊதியமும் வழங்க வேண்டும்.

பிழைப்புக்காக ஊரை விட்டுச் சென்றோருக்கும் இதில் பங்கு உண்டு. தில்லியிலும் மும்பையிலும் வாழ்வோர் பலர், சொந்த ஊர்த் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் நன்கொடை அனுப்புகின்றனர். அதில் ஒரு பகுதி அறிவு மையத்துக்கும் செல்லலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும் பிள்ளைகள், தாங்கள் கற்ற கணினிப் பாடத்தை அங்குள்ள பிள்ளைகளுக்குக் கற்றுத்தரலாம். அவர்களிடமிருந்து ஊரின் தமிழைக் கற்று வரலாம்.

கடல் கடந்து வாழ்ந்த ஓர் இளைஞரின் சொல் ஓர் ஊரைக் காத்தது. அச்சொல்லை ஏற்று முழங்க ஊரில் ஒரு குரல் இருந்ததால்தான் அது இயன்றது. அத்தகைய குரல் ஒவ்வொரு சிற்றூரிலும் இருத்தல் வேண்டும்.