ஒரே ஒரு பாட்டுப் பாடியவராம் மொடுன்யோ!

எந்த நாட்டு இத்தாலிய உணவகத்துக்குப் போனாலும் பீட்சா மேசைக்கு வருவதற்கு முன்னால் ஒரு பாட்டு வந்துவிடும். 'வொலாரே'. பாடியது யார் என்று கேட்டால் பாதிப் பேர் டீன் மார்ட்டின் என்பார்கள். கொஞ்சம் பேர் ஜிப்ஸி கிங்ஸ் என்பார்கள். விவரம் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், "யாரோ டொமேனிகோ மொடுன்யோவாம், ஒரே பாட்டோட காணாமப் போன ஆள்" என்று சொல்லிவிட்டு பீட்சாவில் கை வைப்பார்.

சண்டை அந்த மூன்றாவது ஆளோடுதான். முதல் இரண்டு பேருக்கு விஷயம் தெரியாது, அதில் தப்பில்லை. மூன்றாமவருக்குப் பாதி தெரியும். அந்தப் பாதியை வைத்து ஒரு மனிதனின் நாற்பது வருட உழைப்பை ஒரு வரியில் முடித்துவிடுகிறார். 'ஒன் ஹிட் வொண்டர்' பட்டியல்கள் எல்லாம் இப்படிப்பட்டவர்கள் போட்டவைதான். அமெரிக்கப் பட்டியலில் ஒருமுறை வந்து அப்புறம் வராதவன் எல்லாம் அந்தக் கூடைக்குள். அவன் தன் ஊரில், தன் மொழியில் என்ன செய்தான் என்று யாரும் பார்ப்பதில்லை.

சரி, அந்த ஒரு பாட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். அதன் முழுப் பெயர் 'நெல் ப்ளூ திபிந்தோ தி ப்ளூ'. வரிகளை ஃபிராங்கோ மில்யாச்சியும் மொடுன்யோவும் சேர்ந்து எழுதினார்கள், மெட்டு மொடுன்யோ. 1958 சான்ரேமோ பாட்டுப் போட்டியில் முதல் பரிசு. அதே வருடம் அமெரிக்காவில் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில், இடையில் விட்டு விட்டு, மொத்தம் 5 வாரம் முதலிடம். 1959 மே மாதம் முதன்முதலாக கிராமி விருது கொடுத்தபோது, ஆண்டின் சிறந்த இசைத்தட்டு, ஆண்டின் சிறந்த பாடல் இரண்டுமே இந்த இத்தாலியப் பாட்டுக்குத்தான். ஆங்கிலத்தில் ஒரு சொல் இல்லாத பாட்டு!

இதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது வேறொன்று. அந்தப் பாட்டு வருவதற்கு முன் இத்தாலியில் மேடைப் பாடகர் எப்படி நிற்பார்? மைக்குக்கு முன்னால் ஆணி அடித்தது போல. கை நெஞ்சில் இருக்கும், கண் மேலே பார்க்கும், குரல் கணீரென்று ஓபராவின் தூரத்துச் சொந்தம் மாதிரி வரும். பாட்டு முழுக்க அம்மா, புறா, தாய்மண். எழுதுகிறவர் ஒருவர், மெட்டுப் போடுகிறவர் ஒருவர், பாடுகிறவர் இன்னொருவர். 1956-ல் இதே மொடுன்யோவின் 'முசெத்தோ' சான்ரேமோவுக்குப் போனது. பாடியவர் அவர் இல்லை. அன்றைய வழக்கம் அதுதான்.

1958-ல் அவரே மேடை ஏறினார். பாட்டில் ஒருவன் முகத்தையும் கையையும் நீலமாகப் பூசிக்கொண்டு வானத்தில் பறப்பதாகக் கனவு காண்கிறான். அந்தப் பறக்கும் இடம் வந்ததும் மொடுன்யோ இரண்டு கைகளையும் அகல விரித்தார். இவ்வளவுதான் செய்தார். இன்றைக்குப் பார்த்தால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். கை நெஞ்சிலேயே இருந்த நாட்டில் அது ஒரு கலகம். பாடகன் தன் பாட்டைத் தானே எழுதித் தன் உடம்போடு பாடலாம் என்பதை இத்தாலி தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொண்ட இரவு அது. 'கந்தவுதோரே', அதாவது தன் பாட்டைத் தானே எழுதிப் பாடுகிறவர் என்ற சொல் இத்தாலிய மொழியில் 1960 வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஜீனோ பாவோலி, லூயிஜி தெங்கோ, ஃபப்ரீட்சியோ தெ அந்த்ரே என்று ஜெனோவாக்காரர்களிடமிருந்து அந்த வரலாற்றை ஆரம்பிக்கும் அறிவுஜீவிகள் உண்டு. சொல் பிறப்பதற்கு முன்பே மொடுன்யோ அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார் என்பது அவர்களுக்கும் தெரியும். கிட்டார் பிடித்துக்கொண்டு சோகமாக உட்காராதது மட்டும்தான் அவர் செய்த குற்றம் போலிருக்கிறது.

அதற்கு முன்னால் என்ன செய்தார்?

1928 ஜனவரி 9-ல் தெற்கே பூல்யா பகுதியில், கடலுக்கு மேல் பாறையில் தொங்கும் பொலின்யானோ ஆ மாரே என்ற ஊரில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பம் பிரிந்திசிக்குப் பக்கத்தில் சான் பியெத்ரோ வெர்னோத்திகோவுக்குக் குடிபெயர்ந்தது. இளவயதில் வீட்டை விட்டு வடக்கே தூரின் நகருக்குப் போய் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். பிறகு ரோம் திரைப்படப் பள்ளி, சில்லறை வேடங்கள், வானொலி.

பாட ஆரம்பித்தது சான் பியெத்ரோவில் கற்ற சலெந்தோ வட்டாரப் பேச்சில். அது காதுக்குச் சிசிலிப் பேச்சு போலவே இருக்கும். வலையில் மாட்டிய பெண் வாள்மீனை விட்டுப் போகாத ஆண் வாள்மீன் ஒரு பாட்டு. சுரங்கத் தொழிலாளி ஒரு பாட்டு. நல்ல இத்தாலியன் பேசத் தெரியாதவன் நாகரிகம் இல்லாதவன் என்று வடக்கு நினைத்த காலத்தில், தெற்கின் மீனவனையும் கூலியையும் அவர்கள் பேச்சிலேயே வானொலிக்குள் கொண்டுவந்தார். 1955-ல் 'வெக்கியோ ஃப்ராக்'. நடு இரவில், பழைய கோட்டு தரித்த ஒரு கனவான் ஆளில்லாத தெருவில் நடக்கிறான், விடியும்போது ஆற்றில் மிதக்கிறான். 1954-ல் ரோமில் விடுதி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்த ஒரு சிசிலி இளவரசரின் மரணம்தான் அதற்குத் தூண்டுதல் என்பார்கள். பெரிய வாத்தியக் கூட்டம் இல்லை, அழுகை இல்லை. ஒரு குரல், ஒரு கிட்டார், கொஞ்சம் சீழ்க்கை. புறாவும் அம்மாவும் பாடிக்கொண்டிருந்த நாட்டில், 'வொலாரே'வுக்கு மூன்று வருடம் முன்னால்!

அப்புறம் என்ன செய்தார்?

1959, 1962, 1966 என்று மேலும் மூன்று முறை சான்ரேமோவில் வென்றார். மொத்தம் நான்கு. 1964-ல் நேப்பிள்ஸ் பாட்டு விழாவிலும் வெற்றி. 1961-ல் 'ரினால்தோ இன் காம்போ' என்ற இசை நாடகம். பசோலினியின் 'மேகங்கள் என்றால் என்ன' குறும்படத்தில் (1968-ல் வெளியானது) பொம்மைகளைக் குப்பைமேட்டுக்கு ஏற்றிப்போகும் குப்பைக்காரராக நடித்தார், பசோலினி எழுதிய வரிகளுக்கு மெட்டுப் போட்டுப் பாடவும் செய்தார். 1973-ல் ஜார்ஜோ ஸ்த்ரேலரின் இயக்கத்தில் பிரெக்டின் 'மூன்று காசு இசைநாடக'த்தில் கதாநாயகன். விவாகரத்து உரிமை மீது 1974-ல் பொது வாக்கெடுப்பு வந்தபோது, தேவாலயம் ஒரு பக்கம் நிற்க, அவர் உரிமையின் பக்கம் நின்று பாடினார். 1976-ல் 'மாலராத்சா'. 19-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ஒரு சிசிலி நாட்டார் பாட்டை எடுத்து, எசமானிடம் அடிபடும் வேலைக்காரன் கிறிஸ்துவிடம் முறையிடுவதாக அமைத்த பாட்டு. அழுவதை நிறுத்து என்பதே அதன் சாரம்.

இவ்வளவும் 'ஒரே பாட்டுக்காரர்' கணக்கில் எங்கே போயிற்று? அமெரிக்காவுக்குப் போகவில்லை. அதனால் நடக்கவே இல்லை!

இதில் வேடிக்கை, இந்தத் தரவரிசைகள் 'வொலாரே'வையே ஒழுங்காக அளக்கவில்லை. 1958 யூரோவிஷனில் அந்தப் பாட்டுக்கு 3-வது இடம்தான் கிடைத்தது. வென்ற பிரெஞ்சுப் பாட்டை இன்று முணுமுணுப்பவர் எத்தனை பேர்? 1966 யூரோவிஷனில் 'தியோ, கோமே தி ஆமோ'வுக்கு அவர் வாங்கியது பூஜ்யம். மார்க்கு குறைவு இல்லை, சுத்தமாகப் பூஜ்யம். அந்தப் பாட்டு இன்னும் பாடப்படுகிறது. 2005-ல் யூரோவிஷனின் 50 வருடத்தை ஒட்டி எல்லாக் காலத்துக்குமான பாட்டுகளுக்கு வாக்கெடுத்தபோது, அன்று மூன்றாவதாக வந்த 'வொலாரே' அபாவின் 'வாட்டர்லூ'வுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தது. போட்டி மேசைகளின் லட்சணம் இது. அந்த மேசைகளை நம்பித்தான் ஒரு மனிதனுக்குப் பட்டம் கட்டுகிறார்கள்.

மொடுன்யோ குறையே இல்லாதவர் என்று யாரும் சொல்ல வேண்டாம். 1975-ல் வந்த 'பியாஞ்சே இல் தெலெஃபோனோ' ஒரு பிரெஞ்சுப் பாட்டின் இத்தாலிய வடிவம். தொலைபேசியில் குழந்தைக் குரல், இந்தப் பக்கம் அப்பாவின் விம்மல். கண்ணீரை வாளியில் பிடிக்கலாம். நன்றாக விற்றது, நல்ல பாட்டு இல்லை. நடிகராகவே பயின்றவர், சில சமயம் மூன்று நிமிடப் பாட்டில் மூன்று மணி நேர நாடகம் ஆடிவிடுவார். ஆனால் இந்தக் குறைகளும்கூட நிறைய வேலை செய்தவனின் குறைகள். ஒரே பாட்டோடு காணாமல் போனவனுக்கு மோசமான பாட்டு எழுதக்கூட நேரம் இருந்திருக்காது.

இனி முக்கியமான விஷயம். பட்டியல் போடுகிறவர்கள் எட்டிக்கூடப் பார்க்காத பத்து வருடம்.

1984-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் ஒளிப்பதிவின்போது மொடுன்யோவுக்குப் பக்கவாதம் வந்தது. கைகளை விரித்ததனால் உலகம் அறிந்த மனிதனுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் தடுமாறியது. வயது 56. வேறு யாராக இருந்தாலும் பழைய இசைத்தட்டுகளின் வருமானத்தில் வீட்டோடு இருந்திருப்பார்கள், யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். அவர் 1987-ல் ராடிகல் கட்சி சார்பில் நின்று நாடாளுமன்றத்துக்குப் போனார். உடல் குறைபாடு உள்ளவர்களின் உரிமைதான் அவர் கையில் எடுத்தது. அது அவருடைய சொந்தப் பிரச்சினையும் ஆகியிருந்தது.

சிசிலியின் அக்ரிஜெந்தோவில் ஒரு மனநல மருத்துவமனை. இத்தாலியில் 1978-லேயே 180-ஆம் எண் சட்டம் வந்துவிட்டது. மனநோயாளிகளைச் சுவருக்குள் அடைத்துவைக்கும் பழைய மருத்துவமனைகளை மூட வேண்டும், அவர்களை மனிதர்களாக நடத்த வேண்டும் என்று சொன்ன சட்டம். காகிதத்தில் சட்டம், அக்ரிஜெந்தோவில் அழுக்கும் நிர்வாணமும். பத்து வருடம் கழித்தும் அங்கே மனிதர்கள் மறக்கப்பட்டுக் கிடந்தார்கள். ஊன்றிக்கொண்டு நடக்க வேண்டிய நிலையில் இருந்த மொடுன்யோ அங்கே போனார். பார்த்ததை ஊரறியச் சொன்னார். 1989-ல் அந்த நோயாளிகளுக்காக அக்ரிஜெந்தோவில் மேடை ஏறிப் பாடினார். சரியாகப் பேசவே சிரமப்பட்ட தொண்டையால்!

"பாடகனுக்கு அரசியல் எதற்கு, பாடினோமா போனோமா என்று இருக்க வேண்டியதுதானே" என்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு அக்ரிஜெந்தோவே பதில். அந்தச் சுவருக்குள் கேமராவை இழுத்து வந்தது 'வொலாரே'யின் புகழ்தான். பாட்டினால் வந்த பேரை யாருக்காகச் செலவு செய்தார் என்று பார்த்தால், அந்த ஒரு பாட்டையும் சேர்த்துத்தான் மரியாதை செய்யத் தோன்றும். பட்டியல்காரர்களுக்கு மட்டும் அது தோன்றாது.

கடைசியாக ஒரு கணக்கு பாக்கி இருந்தது. இளவயதில் பாட்டுகளின் பேச்சு வழக்கை வைத்து ஊர் அவரைச் சிசிலிக்காரர் என்று எண்ணியது. அவரும் திருத்தவில்லை, அந்த வேடம் தொழிலுக்கு உதவியது. பிறந்த ஊர் பொலின்யானோவுக்கு அது பல வருடக் காயம். எங்கள் பிள்ளை எங்களை இல்லை என்று சொல்லிவிட்டானே என்ற கோபம். நியாயமான கோபம்தான். 1993 ஆகஸ்டில் அவர் அந்த ஊருக்குத் திரும்பி வந்து பாடினார். 70,000 பேர் கூடினார்கள் என்று சொல்லப்படுகிறது. பொலின்யானோ சின்ன ஊர், அதைப்போல மூன்று நான்கு மடங்குக் கூட்டம். ஊர் மன்னித்தது. மறு வருடம் 1994 ஆகஸ்ட் 6-ல் லாம்பெதூசா தீவில் இறந்தார். 2009-ல் பொலின்யானோ கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். இரண்டு கைகளையும் அகல விரித்து நிற்கிறார்.

அந்தச் சிலையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, கீழே "ஒரே பாட்டுப் புகழ்" என்று குறிப்பு எழுதுபவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். பொய் சொல்லப்பட்ட ஊரே அவர் முழு வாழ்க்கையையும் பார்த்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. அவரிடம் ஒரு கடனும் படாத, ஒரு பாட்டை மட்டும் கேட்ட வெளியூர்க்காரர்கள் மட்டும் பட்டத்தை விடமாட்டேன் என்கிறார்கள். ஆங்கிலத்தில் பாடாத ஒருவனைப் பற்றி ஆங்கிலப் பட்டியல் ஒன்று சொன்னதைத் தவிர வேறு ஆதாரம் அவர்களிடம் கிடையாது.

வழக்கு வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம். 'வெக்கியோ ஃப்ராக்' மூன்றரை நிமிடம். 'மாலராத்சா'வும் ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டையும் கேட்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. பீட்சா வருவதற்குள் கேட்டு முடித்துவிடலாம். கேட்ட பிறகும் "ஒரே பாட்டுக்காரர்" என்று வாய் வந்தால், தாராளமாகச் சொல்லட்டும்.