பட்டா மட்டும் நம் பெயரில்

ஐப்பசிக் கடைசியில் நல்ல மழை பிடித்துவிட்டால் ஊரிலிருந்து யாராவது ஒரு வீடியோ அனுப்புவார்கள். கண்மாய் நிறைந்து கலுங்கில் மறுகால் பாயும் வீடியோ. தாம்பரம் ரயிலில் தொங்கிக்கொண்டும், அம்பத்தூர்த் தொழிற்சாலை கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டோடும் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்போம். சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்புவோம். அந்தத் தண்ணீர் எந்த வரத்துக்கால் வழியாக வந்தது, எந்த மடை மண்மூடித் திறக்க முடியாமல் கிடக்கிறது, கரையில் எந்த இடம் பலவீனம் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தாத்தாக்களுக்குத் தெரிந்திருந்தது. அப்பாக்களுக்குப் பாதி தெரிந்தது.

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பட்டணம் வந்து குடியேறியவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன். நானும் அவர்களில் ஒருவன். கிளம்பி வந்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். வானம் பார்த்த பூமியை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாது. ராத்திரி நெஞ்சுவலி என்றால் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும்; பெண்பிள்ளை கல்லூரி முடித்து வேலைக்குப் போக வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 48 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் நகரவாசிகள். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடப்படாத குடும்பங்களுக்கு நகரம் கொடுத்ததை எந்த வேப்பமர நிழலும் ஈடுசெய்யாது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைக் கொண்டாட மறுத்துப் பேசியது அந்தத் தீண்டாமையை அனுபவித்தவரின் பேச்சு.

ஆனால் ஊரின் சுகம் பொய்யில்லை. கார்த்திகையில் தண்ணீர் ததும்பும் கண்மாய்க் கரையில் சாயங்காலம் நடக்கும்போது முகத்தில் அடிக்கிற காற்று, மீன்பாசி ஏலம் முடிந்து, யாரும் மீன் பிடிக்கலாம் என்று அழிகண்மாய் ஆனதும் தெருவெல்லாம் மணக்கிற கெண்டைக் குழம்பு, ஊருணித் தண்ணீரின் ருசி. இவற்றுக்காகத்தான் பொங்கலுக்குக் கிளாம்பாக்கத்தில் கூட்டத்தில் நசுங்கிப் பஸ் ஏறுகிறோம். இந்தச் சுகம் ஒவ்வொன்றும் யாரோ செய்த வேலையால் கிடைத்தது. அந்த வேலையை நாம் விட்டுவிட்டோம். பட்டாவை விடவில்லை. சாமி கும்பிடும் வரிசையில் நம் இடத்தை விடவில்லை. பலர் ஓட்டைக்கூட ஊரிலேயே வைத்திருக்கிறோம். கரையை மட்டும் கைவிட்டோம்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. அவை தானாக நிலைத்து நின்றவை அல்ல. கோடையில் தண்ணீர் வற்றியதும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று அளந்துவிட்டு வண்டல் வெட்டுவார்கள். வெட்டிய வண்டல் வண்டியேறி வயலுக்கு உரமாகப் போகும். வரத்துக்காலில் முளைத்த செடி கொடியை அறுப்பார்கள், கரையில் மண்ணடிப்பார்கள், கலுங்குக் கல் பெயர்ந்திருந்தால் திருப்பி வைப்பார்கள். இதுதான் குடிமராமத்து. 1858இல் வெள்ளைக்கார அரசாங்கம் இதைக் கட்டாய உழைப்பாக்கிச் சட்டம் போட்டது. பிறகு 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ளவை பொதுப்பணித் துறைக்கும் அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துக்கும் போயின. கண்மாய் அரசாங்கத்துடையது என்று சொல்ல நமக்கு இது வசதியாகிவிட்டது. 2017இல் தமிழக அரசு அதே குடிமராமத்து என்ற பெயரில் திட்டம் கொண்டுவந்தது. விவசாயிகள் சங்கம் அமைத்து வேலையைத் தாங்களே செய்யலாம் என்றது. நம் ஊரில் அந்தச் சங்கத்தில் யார் யார் இருந்தார்கள், எவ்வளவு மண் எடுத்தார்கள் என்று நாம் விசாரிக்கவில்லை. முறைகேடு நடந்திருக்கும் என்று பட்டணத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டோம், அவ்வளவுதான்.

அந்தப் பழைய ஏற்பாட்டைப் பெருமையாகப் பேசும்போது ஒரு ஆளை நாம் சொல்வதேயில்லை. நீர்க்கட்டி. நீர்பாய்ச்சி என்றும் சொல்வார்கள். எந்த மடையை எப்போது திறப்பது, கடைமடை வயலுக்கு எத்தனை நாழிகை, தண்ணீர் குறைந்தால் யாருக்கு எவ்வளவு குறைப்பது என்பதெல்லாம் அவர் கையில். மழை கொட்டும் இரவில் கரையில் காவல் கிடப்பவரும் அவரே. மூழ்கிப் போய் மடை திறக்கிற வேலை உயிரோடு விளையாடுகிற வேலை. பெரும்பாலான ஊர்களில் தலித் குடும்பங்களே இதைப் பரம்பரையாகச் செய்தன. கூலி, அறுப்புக் களத்தில் கொடுக்கும் கதிரும் நெல்லும். நிலம் நமக்கு, தண்ணீர் காவல் அவருக்கு. நாம் விதைப்பதை நிறுத்தியதும் அவருக்குக் கொடுக்கக் களத்தில் நெல் இல்லை. அவருடைய பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனார்கள். போனது நியாயம். அவர் தலையில் இருந்த அந்த அறிவை, எந்த மடைக்கு எந்த வயல் என்கிற கணக்கை, மரியாதையும் சம்பளமும் கொடுத்து யாராவது கேட்டு எழுதி வைத்தோமா? இல்லை.

போட்டது போட்டபடி விட்ட நிலத்தில் சீமைக்கருவேலம் ஏறியது. முதலில் வரப்பில், பிறகு வயலில், கடைசியில் கண்மாய்க்குள். அதை ஒழிக்க வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசுகிறோம். நீதிமன்றமும் உத்தரவு போட்டிருக்கிறது. ஊரில் மிச்சமிருக்கிற ஏழைகள் அதே மரத்தை வெட்டி, கரிமூட்டம் போட்டு, புகையில் கண் சிவந்து பிழைக்கிறார்கள். நம் அலட்சியத்தில் வளர்ந்ததே அவர்களுக்கு இன்று சோறு. மரத்தைத் திட்டுமுன் இதைக் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

பட்டணத்தில் என்ன செய்தோம்? வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் பள்ளிக்கரணையைச் சுற்றியும் மனை வாங்கினோம். அந்த மண் எந்த நீர்நிலையின் நீர்ப்பிடிப்பு என்று கேட்கத் தெரிந்த பிள்ளைகள் நாம். கண்மாய்க் கரையில் வளர்ந்தவர்கள். கேட்கவில்லை. விலை கட்டுப்படியானது, வாங்கினோம். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. சொந்த ஊர்க் கண்மாயைத் தூர்ந்துபோக விட்டுவிட்டு, கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரித் தண்ணீரை 2004லிருந்து சென்னையில் குழாயில் பிடித்துக் குடிக்கிறோம். அந்த ஏரியின் ஆயக்கட்டு விவசாயி என்ன நினைப்பார் என்பது அவரைப் போன்ற ஒருவரின் பேரப்பிள்ளையான நமக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

ஊர்க் கண்மாயைப் பற்றிப் பேச இடம் இல்லாமல் இல்லை. கிராம சபை இன்று வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். ஐந்நூறு பேர் உள்ள ஊராட்சிக்கு ஐம்பது பேர் வந்தால் கூட்டம் செல்லும். ஊரில் ஓட்டு வைத்திருக்கிற நாம் தேர்தலுக்கு லீவு போட்டு வருகிறோம். ஜனவரி 26 பொங்கலுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் தள்ளி வருகிறது. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் விடுமுறை நாள்கள்தான். வரத்துக்கால் ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும் என்று அங்கே தனியாக எழுந்து நின்று பேசுகிற பெரியவருக்குப் பக்கத்தில் நிற்க நம்மில் யாரும் போனதில்லை. ஆக்கிரமித்தவர் நம் மாமனாகவோ பங்காளியாகவோ இருப்பது ஒரு காரணம். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் மிகவும் வெட்கப்படுவது வேறு ஒன்றுக்கு. நம் நிலத்தில் இன்னும் ஒருவர் உழுகிறார். வாய்ப்பேச்சுக் குத்தகை, இல்லாவிட்டால் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரம். “அண்ணே, ஒரு குத்தகைச் சீட்டு எழுதிக் குடுத்தீங்கன்னா சொசைட்டில லோன் கேட்கலாம்” என்பார். “அடுத்த தடவை வரும்போது பார்ப்போம்பா” என்போம். எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று பயம். 1955ஆம் வருஷத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969ஆம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இரண்டும் உழுபவருக்காக வந்தவை. அதனாலேயே நாம் தாளைத் தொடுவதில்லை. சீட்டு இல்லாததால் அவர் வட்டிக்கு வாங்கி விதைக்கிறார். பயிர் கருகினால் நிவாரணம் பல சமயம் பட்டாக்காரர் கணக்குக்கே போகிறது. 2018 டிசம்பர் முதல் கணக்கிட்டு மத்திய அரசு தரும் வருஷத்துக்கு 6,000 ரூபாயும் நிலம் யார் பெயரிலோ அவருக்குத்தான்; குத்தகைக்கு உழுபவருக்கு இல்லை. வந்த பணத்தை அவருக்கு அனுப்பி வைத்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். கண்மாயில் வண்டல் அள்ள நம்மால் போக முடியாது என்பது உண்மை. ஆனால் அந்தக் குத்தகைச் சீட்டை எழுத ஒரு அரை மணி நேரமும் ஒரு கையெழுத்தும் போதும். அதையும் இதுவரை நாம் செய்யவில்லை.