பூட்டிய கதவும் பிரதேச சபையும்

பசறையிலிருந்து லுணுகலை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் பாதையிற் செல்வோர், இரு மருங்கும் தேயிலைச் சரிவுகளையும் அவற்றினிடையே நீண்டு கிடக்கும் லயங்களையும் காண்பர். பஸ்ஸின் சன்னலோரம் அமர்ந்து அந்த லயங்களைச் சற்றே உற்று நோக்குவார்க்கு ஒரு புதுமை புலப்படும். ஒரு காம்பராவின் இஸ்தோப்பில் உடுப்புகள் காய்கின்றன. அடுத்ததன் கூரையிற் புகை எழுகின்றது. அதற்கடுத்த கதவிலோ துருவேறிய பூட்டுத் தொங்குகின்றது. அந்தப் பூட்டுக்கு இரண்டு சுவர் தள்ளி, அதே லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஓரறையில் பாட்டனும் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளுமாக ஒரு குடும்பம் நெருங்கி வாழ்கின்றது. இட நெருக்கடியும் வெற்றிடமும் ஒரே கூரையின் கீழ் இருப்பது எங்ஙனம்? இவ்வாரம் இதனைச் சிறிது ஆராய்வோம்.

ஆளில்லா வீடு நம் நாட்டிற்கு மட்டும் உரிய விஷயமன்று. ஜப்பானில் 2023ஆம் ஆண்டு எடுத்த வீட்டுக் கணக்கெடுப்பிலே ஏறத்தாழத் தொண்ணூறு இலட்சம் வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. நூற்றுக்குப் பதினான்கு வீடு என்று கொள்ளலாம். அங்கே இதற்கு ஒரு வேடிக்கையான காரணமும் உண்டு. வெறும் நிலத்துக்கு விதிக்கும் வரியிலும், வீடு நிற்கும் நிலத்துக்கு வரி பெரிதும் குறைவு. சிறு மனையாயின் வரிக்குரிய மதிப்பு ஆறிலொரு பங்காகிவிடும். ஆகவே பாழடைந்த வீடாயினும் இடிப்பாரில்லை. 2015இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், இடிந்து விழும் நிலையிலுள்ள வீடுகளுக்கு இந்தச் சலுகையை நீக்கும் வழியை உள்ளூராட்சி மன்றங்களுக்குத் திறந்துவிட்டது. வீடு வெறுமையாவதற்கு மனிதரின் அசட்டை மட்டுமே காரணமன்று, சட்டமே காரணமாவதும் உண்டு என்பதை வாசகர் ஈண்டு மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் நமக்கு இது பயன்படும்.

இங்கிலாந்தில் வேறு முறை. அங்கே 2004ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின்படி, நெடுங்காலம் வெறுமையாய்க் கிடக்கும் தனியார் வீட்டை உள்ளூராட்சி மன்றமே பொறுப்பேற்று, பழுது பார்த்து, வாடகைக்கு விட்டு, செலவை வாடகையிலிருந்து ஈடுசெய்து கொள்ளலாம். உரிமை மட்டும் வீட்டுக்காரரிடமே இருக்கும். இதற்கு நீதி மன்றம் போன்ற ஒரு தனி நியாயசபையின் அனுமதி வேண்டும். பொறுப்பேற்பு ஏழாண்டுக்கு மேற்படலாகாது. ஆறு மாதம் வெறுமையாய்க் கிடந்தால் போதும் என்றிருந்த விதியை 2012இல் இரண்டு ஆண்டு என்று இறுக்கினர். அயலவர்க்குத் தொல்லையாகவும் அவ்வீடு இருத்தல் வேண்டும் என்றனர். அச்சட்டத்தில் எம்மைக் கவர்ந்தது அதன் விலக்குகளே. வீட்டுக்காரர் சிறிது காலம் வேறிடத்தில் வசிக்கிறாரா? விடுமுறைக்கு வந்து தங்கும் வீடா? விற்பனைக்கு விடப்பட்டிருக்கிறதா? அவையெல்லாம் வெற்று வீடுகள் ஆகா. பூட்டியிருப்பது வேறு, வெறுமையாயிருப்பது வேறு என்னும் நுட்பம் அதிலே இருக்கிறது.

ஸ்கொத்லாந்தில் 2010 முதலாக மற்றொரு வழியும் பழக்கத்தில் உள்ளது. உள்ளூராட்சி மன்றங்கள் இதற்கென்றே ஓர் உத்தியோகத்தரை நியமிக்கின்றன. அவர் செய்யும் வேலை பெரும்பாலும் கடிதம் எழுதுவதும், நேரிற் சென்று பேசுவதும், பழுது பார்ப்பது எப்படி, விற்பது எப்படி என்று வீட்டுக்காரருக்கு வழி சொல்வதுமே. கேட்பதற்குச் சாதாரணமாய்த் தோன்றும். ஆனால் பல வீடுகள் வெறுமையாய்க் கிடப்பது பிடிவாதத்தினாலன்று, வீட்டுக்காரருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமையினாலேதான் என்பது இத்துறையிற் பழகினோர் கண்ட உண்மை.

இனி, லுணுகலைக்கு வருவோம். இங்கே பிரதேச சபை அவ்வாறு ஓர் உத்தியோகத்தரை நியமித்து, அவர் கையிற் பேனாவையும் கொடுத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அவர் கடிதத்தை யாருக்கு எழுதுவார்? நகரத்துக் கடைவீதியிலாயின் கேள்வி எளிது. ஆதன வரிப் புத்தகத்தைப் புரட்டினால் உரிமையாளர் பெயர் இருக்கும். ஹொப்டன் பக்கத்து லயத்திலோ அடாவத்தை லயத்திலோ பூட்டிய காம்பராவுக்கு உரிமையாளர் யார்? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்ட நிலம் அரசுடைமையாயிற்று. 1992 முதலாகப் பெரும்பாலான தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. பின்னர் அது நீண்ட காலக் குத்தகையாயிற்று. நிலம் அரசினது, நிருவாகம் கம்பெனியினது. மூன்று தலைமுறையாக அந்த அடுப்பிற் சோறு பொங்கிய குடும்பத்துக்கோ கையில் ஒரு துண்டுக் கடிதமும் இல்லை.

உரிமையாளர் யார் என்பது ஒருபுறமிருக்க, சபைக்கும் லயத்துக்கும் இடையிலேயே நெடுங்காலம் ஒரு சுவர் இருந்தது. 1930களின் பிற்பகுதியிற் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டங்களிற் குடியிருந்த இந்தியத் தொழிலாளருக்கு அச்சங்கத் தேர்தலில் வாக்குரிமை மறுக்கப்பட்டது. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டத்தின் கதையை யாம் சொல்லித்தான் வாசகர் அறிய வேண்டுமென்பதில்லை. பின்னர் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தது. அதன் 33ஆம் பிரிவு காரணமாகத் தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிடுதல் இயலாதிருந்தது. குடியுரிமை பெற்று, வரிசையில் நின்று வாக்களித்து, தம் பிரதிநிதியைச் சபைக்கு அனுப்பிய மக்கள், தம் லயத்து வாசலில் ஒரு தெருவிளக்குக் கேட்டால் சட்டத்தில் இடமில்லை என்ற விடையே கிடைத்தது. வாக்கு மட்டும் எல்லை தாண்டிச் சென்றது. விளக்கு எல்லை தாண்டி வரவில்லை! 2018இற்றான் அச்சட்டம் திருத்தப்பட்டுத் தோட்டங்களுக்கும் சபைகள் பணிசெய்ய வழி பிறந்தது. ஆகவே வெற்று வீடுகளைப் பற்றிச் சபை சிந்திப்பது என்பது மலையகத்தில் மிக இளமையான விஷயம்.

காம்பராக்கள் வெறுமையானது எவ்வாறு என்பதையும் நோக்குவோம். முதல் அலை 1964 அக்டோபர் 30ஆந் தேதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தோடு தொடங்கிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் இரு பிரதமர்களும் இணங்கினர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இற் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல் ஓடிய 1984 வரையில் குடும்பங் குடும்பமாகப் புறப்பட்டனர். அவர்கள் விட்டுச் சென்ற காம்பராக்களிற் சில, எஞ்சியிருந்த உறவினர் கைக்கு வந்தன. நடுச்சுவரை உடைத்து இரண்டறையை ஒரு வீடாக்கிக்கொண்டவர்களும் உண்டு. சில கூரை சரிந்து மண்ணாயின.

இரண்டாம் அலைக்கு ஒப்பந்தமும் இல்லை, கப்பலும் இல்லை. தோட்டக் கூலி போதாமையாற் கொழும்பிலே கடைக்கும் வீட்டு வேலைக்கும், மத்திய கிழக்குக்கும் செல்கின்ற இளைஞரும் பெண்களுமே அவ்வலை. இவர்கள் கதவைப் பூட்டிச் செல்கிறார்கள்; கைவிட்டுச் செல்வதில்லை.

வகுப்பிலே ஒரு நாள் இதனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அப்படியெண்டா எங்கட வீடு வெறும் வீடா?" என்று கேட்டான். தாயும் தகப்பனும் கொழும்பில் வேலை செய்கிறார்கள். அவன் அம்மாயியோடு அடுத்த தோட்டத்தில் இருக்கிறான். அவர்களுடைய காம்பரா தீபாவளிக்கும் தோட்டத்து அம்மன் திருவிழாவுக்குமாக ஆண்டில் இரு முறை திறக்கப்படுகிறது. ஆயினும் பெற்றோரின் பெயர் வாக்காளர் இடாப்பில் அந்த முகவரியிலேதான் இருக்கிறது. பாட்டனாரின் படம் அந்தச் சுவரிலேதான் தொங்குகிறது. "வாடகைக்கு விடலாமே?" என்று மற்றொருவன் கேட்டான். "விட்டா, ஆக்கள் உள்ளுக்கு இருந்திட்டா, பிறகு எங்கட எண்டு சொல்ல என்ன இருக்கு?" என்றான் அவன். பதினாறு வயதுப் பையன் சொன்ன இந்த விடையிலே விஷயம் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

தோட்டத்திற் பெயர் பதிந்து, செக்றோலில் இருப்போருக்கே காம்பரா என்பது பழைய வழக்கு. குடும்பத்தில் ஒருவரும் தோட்ட வேலை செய்யாதபோது அக்காம்பராவின் மீது அவர்களுக்குள்ள பிடி நூலிழையாகிவிடும். விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, எழுத்திலே வாடகைக்கு விட முடியாது. செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: பூட்டி வைத்தல். அந்தப் பூட்டுத்தான் அவர்களுடைய காணி உறுதி! ஜப்பானிலே வரிச் சட்டம் பாழ்வீட்டை நிற்கச் செய்தது போல, இங்கே உறுதியில்லாமை கதவைப் பூட்டி வைத்திருக்கிறது. இதனை உணராது, "ஆளில்லாத காம்பராக்களைப் பறித்து ஆளுள்ள குடும்பங்களுக்குக் கொடுங்கள்" என்று முழங்குவோர் ஒரு ஏழையின் வயிற்றெரிச்சலைக் கொண்டு மற்றொரு ஏழையின் நெருக்கடியைத் தீர்க்க முயல்கின்றனர் என்பதே எமது அபிப்பிராயம்.

மூன்றாவது வகை வீடுகளும் உண்டு. அவற்றை ஒருபோதும் திறக்கலாகாது. 2014 அக்டோபர் 29ஆந் தேதி காலையில் கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் மறைந்ததை ஊவா மாகாணத்தில் யாரும் மறந்திரார். அவ்விடம் அபாயமானது என்ற எச்சரிக்கை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. போக வேறு இடமில்லாதவர்க்கு எச்சரிக்கையால் ஆவதென்ன? தப்பிய குடும்பங்களிற் பலவற்றுக்கு, மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்று தற்காலிகப் புகலிடமாயிற்று. வெற்றுக் கட்டடம் ஒன்று ஆபத்துக்கு உதவியது நன்றே. ஆனால் புதிய வீடுகள் கைக்கு வர ஏறக்குறைய இரண்டாண்டு சென்றது. எனவே ஒரு பூட்டைத் திறக்குமுன், அந்தச் சரிவு உறுதியானதா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லுதல் வேண்டும். சுவருக்கு வெள்ளையடிப்பது அதன் பிறகே.

லயக் காம்பராவைப் பழுது பார்ப்பதே தவறு, அது லய வாழ்வை நீடிக்கச் செய்யும் என்று வாதிடும் நண்பர்களும் உளர். அவ்வாதத்தில் நியாயமில்லாமலில்லை. தனி வீடும் ஏழு பேர்ச்சஸ் நிலமும் வேண்டுமென்பதே மலையகத்தின் கோரிக்கை. இந்திய அரசின் உதவியால் முதலில் 4,000 வீடுகள் என்றும், 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி அறிவித்தபடி மேலும் 10,000 வீடுகள் என்றும் அவ்வழியில் வேலை நடந்திருக்கிறது. ஆயினும் கட்டும் வேகத்தையும் காத்திருக்கும் குடும்பங்களின் தொகையையும் ஒப்பிட்டால், புது வீடு வரும்வரை ஓரறைக்குள் ஏழு பேர் படுத்தெழும்ப வேண்டுமென்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. அந்த இடைக்காலத்துக்கே பூட்டிய காம்பராவைக் கேட்கிறோம். காலவரையறையோடு, பிரதேச சபை சாட்சியாக நின்று, எழுத்து மூலம், திருவிழாவுக்கு வரும்போது ஓரறை உமக்கே என்னும் நிபந்தனையோடு கேட்டால், கொழும்பிலிருக்கும் அந்தத் தகப்பன் மறுப்பாரென்று நாம் எண்ணவில்லை. அவர் அஞ்சுவது அயலவரின் குழந்தைக்கு இடங்கொடுப்பதற்கன்று.

இதற்குச் சபை முதலிற் செய்ய வேண்டியது பணச் செலவில்லாத வேலை; எண்ணுதல். தோட்டம் தோட்டமாக, லயம் லயமாக, ஒரு கொப்பியில் எழுதுதல் போதும். கதவு பூட்டியதா, எத்தனை மாதமாக? கடைசியாக இருந்தவர் யார், இப்போது எங்கே? கூரைத்தகரம் எந்த நிலையில்? பீலித் தண்ணீர் எவ்வளவு தூரம்? மேலே உள்ள மலையில் வெடிப்பு உண்டா? பக்கத்துக் காம்பராவில் எத்தனை பேர்? தோட்ட நிருவாகத்திடமும் கிராம உத்தியோகத்தரிடமும் இவ்விவரங்களிற் பகுதி பகுதியாகச் சில இருக்கலாம். ஓரிடத்தில் சேர்ந்தால்தான் அதற்குப் பெயர் பதிவேடு.

எமது வகுப்பு மாணவர் பதினொருவர் இந்தத் தவணை விடுமுறையில் தத்தம் லயத்தை எண்ணி வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கின்றனர். பக்கத்தைக் கோடிட்டு ஏழு பத்தியாகப் பிரித்துக் கொடுத்தோம். எட்டாவதாக ஒரு பத்தி வேண்டுமென்று அந்தப் பின்வரிசை மாணவன் கேட்டான். "திரும்பி வருவார்களா?" என்பது அப்பத்தியின் தலைப்பு.