அறளை என்று சொல்லி ஆறிவிடலாமா?

வயது சென்ற ஒருவர் நள்ளிரவில் அலறிக்கொண்டு எழுந்தால், அதற்கு விளக்கமாக மட்டக்களப்புப் பகுதியில் ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது. 'அறளை பெயர்ந்துவிட்டது' என்போம். சொன்ன மாத்திரத்தில் கேட்டவர் தலையாட்டிவிடுகிறார்; சொன்னவர் ஆறுதல் அடைந்துவிடுகிறார். அலறியவரோ அடுத்த இரவும் அலறுகிறார். ஒரு சமுதாயம் தன் முதியோரின் துன்பத்துக்குப் பெயரிட்டுவிட்டு உறங்கச் செல்வது எத்தனை காலத்துக்கு? எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் எத்தனையோ வீடுகளில் விளக்கணைந்த பின் நிகழ்வதைப் பற்றி எவரும் எழுதக் காணோம். ஆகவே நாம் எழுதுகிறோம்.

அறளை என்பது முதுமையின் இயல்பு அன்று, அது நோய். ஐம்பதாவது வயதை அடுத்தே நினைவும் நிதானமும் குலைந்துபோன ஒரு பெண்ணின் மூளையை ஆராய்ந்து, அதன் அழிவை 1906-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார் ஜெர்மானிய வைத்தியர் அலொய்ஸ் அல்சைமர். மறதிநோய் என்று இன்று நாம் பொதுவாகக் குறிக்கும் நோய்களுள் தலையாயது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் 5 கோடியே 70 இலட்சம் பேர் இந்நோய்களுக்கு ஆளாகியிருந்தனர். அவர்களுள் அறுபது வீதத்துக்கும் மேற்பட்டோர் நம்மைப் போன்ற வறிய, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தோர். இலங்கையில், ராகமையில் நடத்தப்பெற்று 2003-இல் வெளியான ஆய்வு, அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு நால்வரளவில் மறதிநோய் கண்டது. 'இது வெள்ளைக்காரன் நாட்டு வியாதி. நம் கூட்டுக் குடும்பத்தில் இதற்கு இடமில்லை' என்று மேடையில் முழங்குவோர் இந்த எண்களுக்கு என்ன விடை சொல்வர்?

'மறதிநோய்' என்ற பெயரிலும் ஒரு மயக்கம் உண்டு. மறப்பதொன்றே நோய் என்று அது எண்ண வைக்கிறது. உண்மையில், இந்நோயாளரின் வீட்டாரை உருக்குலைப்பது மறதியைக் காட்டிலும் இரவுதான். பொழுது சாயும் வேளையில் ஒரு பதற்றம் தொடங்கும். தம் சொந்த வீட்டிலிருந்தே 'வீட்டுக்குப் போகவேண்டும்' என்று எழுவார். சற்றே கண்ணயர்ந்தால் கொடுங்கனவு. கனவு கலைந்த பின்னும், கண்டது கனவு என்று பகுத்துணரும் ஆற்றல் மூளைக்கு இல்லாமையால், விழித்த கண்ணிலும் அது தொடரும். நமக்குக் கனவு விடிந்தால் முடிகிறது. அவருக்கு முடிவதில்லை.

நம் மரபு கனவை எவ்வாறு நோக்கி வந்திருக்கிறது? சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தேவந்திக்கு உரைக்கிறாள். கோப்பெருந்தேவியும் தீக்கனவு கண்டு நடுங்குகிறாள். இரண்டும் வரப்போகும் கேட்டின் அறிகுறிகள். வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரை பாடக் கேட்டு வளர்ந்த மட்டக்களப்பாருக்குக் கனவு என்றாலே குறி. எனவே முதியவள் அலறியதும் 'எதைக் கண்டாள்? யாருக்கு ஆகாது?' என்று கேட்கிறோம். கட்டு நூலும் திருநீறும் வருகின்றன. அன்போடு செய்யப்படும் இவற்றை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. சடங்கு செய்வோர் நோயாளியின் அருகில் அமர்ந்து அவர் கையைப் பற்றவேனும் செய்கின்றனர். ஆயினும் பேயோட்டும் இரவுகளில் காலம் கழிகிறது. நோயின் காரணம் தேடப்படாமலே கிடக்கிறது. காப்பியத்துத் தேவியின் கனவு வருங்காலத்தைச் சொல்லலாம். நம் பக்கத்து வீட்டுப் பாட்டியின் கனவு அவள் மூளையையும், உடலையும், சென்ற காலத்தையுமே சொல்கிறது.

மூளை சொல்வதை முதலில் பார்ப்போம். பகலையும் இரவையும் பிரித்துணர்த்தும் கடிகாரம் ஒன்று, கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையினுள் அமைந்திருக்கிறது. அல்சைமர் நோய் அதனையும் அரிக்கிறது. பகலில் தூங்கி இரவில் உலவுவது பிடிவாதத்தால் அன்று, கடிகாரம் பழுதானமையால். இனி, கனவு காணும் உறக்கத்தில் நம் கைகால்கள் அசையாதபடி மூளைத்தண்டு தசைகளைத் தளர்த்தி வைத்திருக்கும். லூயி உடல் மறதிநோய் என்ற வகையில் இக்கட்டு அறுந்துவிடுகிறது. கனவில் அடிப்பவர் பாயிலும் அடிக்கிறார். கனவில் ஓடுபவர் சுவரில் மோதுகிறார். அமெரிக்காவில் ஷெங்க் என்பவரும் அவர்தம் தோழரும் 1986-இல் விவரித்த இந்த உறக்கக்கேடு, மறதி தலைகாட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தோன்றக்கூடியது. அறுபது வயதில் மனைவியை உறக்கத்தில் உதைக்கும் கணவனைக் கண்டு ஊர் சிரிக்கிறது. அது வைத்தியரிடம் சொல்லவேண்டிய செய்தி என்று எவரும் அறிவதில்லை.

உடல் சொல்வது இன்னும் எளிது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், மூட்டுவலி, கண்புரை, காது மந்தம் ஆகிய ஒவ்வொன்றும் மறதிநோயாளியின் இரவைக் குலைக்க வல்லது. 'எனக்கு வலிக்கிறது' என்று சொல்லத் தெரியாதவர் அலறுகிறார். மறதிநோய்க்கென்றே கொடுக்கப்படும் டொனெப்பெசில் குளிசையும் சிலருக்குக் கொடுங்கனவை விளைவிக்கும். இரவில் விழுங்குவதை வைத்தியரைக் கேட்டுக் காலைக்கு மாற்றியதும் அமைதி பெற்றோர் உண்டு. இவற்றைச் சொல்லிக்கொடுக்கப் பெரும் பணம் வேண்டுமா?

இனி, சென்ற காலம். புதிய நினைவுகள் முதலில் உதிரும், பழையவை கடைசிவரை எஞ்சும் என்று பிரெஞ்சு அறிஞர் ரிபோ 1881-இலேயே எழுதினார். அப்படியானால் மட்டக்களப்பின் முதியோரிடம் எஞ்சியிருப்பவை எவை? 1978 நவம்பர் 23-இல் வீசிய சூறாவளி எஞ்சியிருக்கிறது. 1990 ஆகஸ்ட் 3-இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டது எஞ்சியிருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பர் 5-இல் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அகதிகளாய் இருந்த 158 பேரை இராணுவத்தினர் கொண்டுசென்றதும், நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானில் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டதும் எஞ்சியிருக்கின்றன. 2004 டிசம்பர் 26-இல் நாவலடியையும் கல்லடியையும் கடல் வாரிக்கொண்டது எஞ்சியிருக்கிறது. அன்று முப்பது வயதில் பிள்ளைகளை இடுப்பில் ஏந்தி ஓடியவள் இன்று முதுமையின் வாசலில் நிற்கிறாள். அவள் இரவில் 'வாறானுகள், ஓடுங்க மக்காள்' என்று கூவினால், அது பிதற்றல் என்று எந்த நெஞ்சோடு சொல்வது?

அமெரிக்க முன்னாள் போர்வீரர் 1,81,093 பேரை ஏழாண்டுகள் தொடர்ந்து நோக்கி 2010-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, போரின் அதிர்ச்சி மனநோயாய் நிலைத்துவிட்டவர்களுள் 10.6 வீதத்தினருக்கும், ஏனையோருள் 6.6 வீதத்தினருக்கும் மறதிநோய் வந்ததைக் காட்டிற்று. ஆயுதம் ஏந்தியவனின் நிலை இது. ஆயுதம் ஏந்தியவர் அனைவர் முன்பும் குனிந்து நின்ற குடியானவர், மீனவர் ஆகியோரின் நிலையை எண்ணிப் பார்க்கட்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். எல்லாக் கொடுங்கனவையும் யுத்தத்தின் சாட்சியமாக ஏட்டில் எழுதிக்கொள்ள ஆசைப்படுவோரும் நம்மிடையே இருக்கின்றனர். சிறுநீர்த் தொற்றால் அலறும் கிழவரின் பாயருகே அமர்ந்து வரலாறு எழுதுவது, அவரை அறளை என்று தள்ளுவதற்குச் சற்றும் குறையாத கொடுமை. முதலில் நோயைத் தேடவேண்டும், வலியைத் தீர்க்கவேண்டும். பின்னும் எஞ்சும் அலறலுக்குச் செவி கொடுக்கவேண்டும். வரிசையை மாற்றினால் நோயாளி நம் கொள்கைக்குக் கருவியாகிவிடுவார்.

ஆனால் நடைமுறையில் நாம் கையாளும் வழிகள் இரண்டு: ஒன்று கயிறு, மற்றது குளிசை. கட்டிலோடு கட்டி வைப்பதை 'பாதுகாப்பு' என்கிறோம். கட்டப்பட்டவர் காண்பதோ தாம் பிடிபட்டுவிட்டதைத்தான். கொடுங்கனவை நாமே மெய்யாக்கிக் கொடுக்கிறோம். தூக்கக் குளிசை தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் மிகுவிக்கிறது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் பலர் மீண்டும் எழுவதில்லை. மனநோய்க்குரிய மருந்துகளை மறதிநோயுற்ற முதியோருக்குக் கொடுப்பதால் மரணம் மிகுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005-இலேயே எச்சரித்தது. லூயி உடல் நோயாளருக்கு ஹலோபெரிடோல் போன்றவை உயிருக்கே உலை வைக்கும். தவிர்க்கவொண்ணாத ஆபத்து வேளையில் வைத்தியர் அளந்து கொடுப்பது வேறு. வீட்டார் உறங்குவதற்காக நோயாளியை மயக்கிப் போடுவது வேறு. ஆனால், வீட்டார் ஏன் அந்நிலைக்கு வந்தனர் என்றும் கேட்கவேண்டாமா?

வீட்டார் என்பது யார்? மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் செல்வது. ஆகவே முதிய தாய்தந்தையர் மகளோடும், பெரும்பாலும் கடைசி மகளோடும் தங்குகின்றனர். தாய்வழிக் குடிமரபின் பெருமையைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதப்படுகின்றன. அம்மரபின்படி இரவு முழுதும் விழித்திருப்பவள் ஒருத்தியே என்பதை எழுதுவார் இல்லை. பகலில் வயலுக்கோ கூலிக்கோ செல்பவளும் அவளே. அவள் பணிப்பெண்ணாக மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்றுவிட்டாலோ, காவல் பேரப்பிள்ளையின் தலையில் விழுகிறது. வகுப்பில் உறங்கிவிழும் பிள்ளையின் மீது கைத்தொலைபேசிக் குற்றம் சாட்டுவது இன்றைய பாடசாலை வழக்கம். அம்மம்மா கிணற்றடிக்குப் போய்விடாதபடி வாசலில் குறுக்கே படுத்துக்கிடந்த பிள்ளைகளை ஆசிரியத் தொழிலில் நாம் அறிவோம்.

சட்டம் என்ன செய்கிறது? 2000-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே புறக்கணிக்கலாகாது என்கிறது. நல்லது. ஆனால் ஆறு மாதம் உறங்காத மகள் சோர்ந்து விழும்போது அவளைத் தாங்குவது யார்? கடமையைக் குடும்பத்துக்குக் கொடுத்த சட்டம், துணையையும் கொடுத்திருக்க வேண்டாமா? இலங்கை தாய்சேய் நலத்தில் உலகம் மெச்சும் நாடு. குடும்பநல உத்தியோகத்தர் ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்று தொட்டிலைத் தேடிப் பார்க்கிறார். அச்சேவை நம் பெருமை. அதே ஒழுங்கோடும் உறுதியோடும் முதியவரின் பாயைத் தேடிச் செல்லும் சேவை படுவான்கரையின் உட்கிராமங்களில் வேரூன்றாதது ஏன்? மறதிநோய்க்கென அமைந்த லங்கா அல்சைமர் நிறுவனம் 2001 முதல் கொழும்பில் பணியாற்றி வருகிறது. வாவியின் அக்கரையில் இருக்கும் ஏழைக்குக் கொழும்பு எத்தனை தூரம்!

'மருந்துக்கே தட்டுப்பாடான நாட்டில் கிழவர்களின் கனவுக்கு என்ன அவசரம்?' என்பார் உளர். நாம் கேட்பவற்றுள் பெரும்பாலானவை விலையற்றவை. காலை வெயிலில் முதியவரை அமரவைத்தல். பகலில் வலை முடிதல், பன்னுதல், நெல் புடைத்தல் போன்ற பழகிய வேலையொன்றைக் கையில் கொடுத்தல். அந்திக்குப் பின் தேநீரைத் தவிர்த்தல். இரவில் சிறு விளக்கொன்றை எரியவிடல். பாயைத் தரையில் இட்டுக் கத்தி மண்வெட்டிகளை அகற்றல். கிணற்றுக்குக் கட்டும் படலைக்குத் தாழும் இடல். அலறி எழுந்தவரோடு வாதாடாமல், முகத்தில் ஒளி படும்படி முன்னே நின்று, தம் பெயரைச் சொல்லி, 'நான் இருக்கிறேன், இங்கே ஒன்றும் இல்லை' என்று அவருடைய மொழியிலேயே தணிந்து பேசுதல். இவற்றை ஒவ்வொரு கிராமத்து வைத்தியசாலையும் கற்பிக்கலாம். அலறல் திடீரெனத் தொடங்கினால் தொற்றுக்குச் சோதித்தல், குளிசைகளை மீளாய்தல் ஆகியவை வைத்தியரின் கட்டாயக் கடமையாதல் வேண்டும். வாரத்தில் ஓரிரவேனும் மகளுக்கு மாற்றாக ஒருவர் விழித்திருக்கும் ஏற்பாட்டை மாதர் சங்கங்களும் ஆலய, பள்ளிவாசல் நிருவாகங்களும் செய்யலாம். திருவிழாவுக்கு இரவிரவாக ஆள் சேர்க்கத் தெரிந்த ஊருக்கு இது முடியாததா?

இலக்கியகாரருக்கும் ஒரு சொல். இளமையை எண்ணி ஏங்கும் முதியவரைப் புறநானூறு அறியும். தலைவியின் உறங்கா இரவுக்குச் சங்கப் பாட்டு நூற்றுக்கணக்கில் உண்டு. மறதிநோயுற்ற தாயின் உறங்கா இரவையும், அவளோடு விழித்திருக்கும் மகளின் இரவையும் எழுதும் கடன் நம் தலைமுறையினுடையது. யுத்தத்தை எழுதினோம், கடலை எழுதினோம். அவை ஓய்ந்துவிட்டன என்று எண்ணி எழுதுகோலை மூடினோம். எத்தனையோ தாய்மார்களின் உறக்கத்தில் அவை இன்னும் ஓயவில்லை.

மறதி அவர்களுடைய நோய். அதற்கு அவர்கள் பொறுப்பல்லர். அவர்களை மறந்திருப்பது நம்முடைய செயல். அதற்கு நாமே பொறுப்பு. இன்றிரவு அயல்வீட்டில் ஓர் அலறல் கேட்டால் 'அறளை' என்று சொல்லித் திரும்பிப் படுக்கவேண்டாம். எழுந்து சென்று, விழித்திருப்பவளிடம் ஒருமணி நேரம் நீ உறங்கு என்று சொல்வோம். விடிந்ததும் வைத்தியசாலையின் கதவைச் சேர்ந்து தட்டுவோம்.